முப்பது ஷில்லிங்கின் சொந்தக்காரர்

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தின் குடும்பச் சட்டத்தைப் பாராட்டி எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக எண்ணம். அதை ஏசியவர்கள் ஏராளம். பாராட்டியவர்களோ பெரும்பாலும் அதனால் ஆதாயம் அடைந்தவர்கள்; அவர்கள் சாட்சி செல்லாது. அந்தச் சட்டத்தின் கையில் அகப்பட்ட பெண்கள் பெரிய ஆசை எதுவும் படவில்லை. அடி விழாத வீடு, தன் கையால் சம்பாதித்த காசு, தான் பெற்ற பிள்ளை. இவ்வளவுதான் கேட்டார்கள். அவர்களை எதிர்கொண்ட சட்டம் எவ்வளவு கவனமானது, எவ்வளவு சீரானது, எதையும் எவ்வளவு மறக்காதது என்பதை அவர்கள் கதைகளைப் படித்த ஒருவராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

முதலில் அதன் கவனம். லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் மில்லிசென்ட் ஃபாசெட்டின் பணப்பையை ஒரு திருடன் அடித்துக்கொண்டு போனான். பிற்பாடு பெண்களின் வாக்குரிமை இயக்கத்துக்கே தலைவியாக விளங்கியவர் இவர். திருடன் பிடிபட்டான். பைக்குள் 1 பவுன் 18 ஷில்லிங் 6 பென்ஸ் இருந்ததைக்கூடக் குற்றப்பத்திரிகை சரியாகக் குறித்திருந்தது. பை பறிபோனது மில்லிசென்டிடமிருந்து. பையோ அவருடைய கணவர் ஹென்றி ஃபாசெட்டின் சொத்து என்று அதில் எழுதியிருந்தது. ஹென்றி நாடாளுமன்ற உறுப்பினர். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று பேசிய நல்ல மனிதர். மனைவியின் பணப்பை தன்னுடையது என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார். அவர் நினைக்காவிட்டால் என்ன? அவருக்காகச் சட்டம் நினைத்தது. திருட்டுக் குற்றம் தன்மேலேயே சாட்டப்பட்டதுபோல் இருந்தது என்று மில்லிசென்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இந்தக் கவனத்துக்கு ஆதாரம் மிக எளிமையான ஒரு கொள்கை. கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள். 1765-இல் வில்லியம் பிளாக்ஸ்டன் தம் சட்ட விளக்க நூலில் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். அந்த ஒரே ஆள் கணவர். மனைவியின் ரொக்கம், நகை, கூலி எல்லாம் அவருக்கு. அவள் தனியாக ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் மழுப்பியிருக்கலாம். ஆங்கிலச் சட்டம் மழுப்பவில்லை. சொல்லிவிட்டுச் செய்தது. உலகத்தில் எத்தனையோ கொடுமைகள் எழுதப்படாத வழக்கங்களாக ஒளிந்திருக்க, இது தன்னைத் தானே வரி வரியாக எழுதி, அச்சிட்டு, நூலகத்தில் அடுக்கியும் வைத்தது. அந்த நேர்மையால்தான் இன்று நாம் உட்கார்ந்து படிக்க முடிகிறது.

சென்னையில் பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்டை எடுத்துக்கொள்வோம். அடையாற்றின் வெண்ணிறச் சேலைக்காரராகத்தான் நமக்கு அவரைத் தெரியும். அதற்கு வெகுமுன்பு, 1867-இல், 20 வயதில், ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரைக் கல்யாணம் செய்துகொண்ட அன்னி, வீட்டில் உட்கார்ந்தபடி சிறுகதைகள் எழுதினார். ஒன்றைப் பத்திரிகைக்கு அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள், 30 ஷில்லிங் வந்தது. வாழ்க்கையில் முதன்முதலாகச் சம்பாதித்த காசு. மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னாராம். குடும்பத்துக்குத் தானும் தோள்கொடுக்கப் போகிறோம் என்று பூரித்தாராம். இது முழுக்க முழுக்கத் தன்னுடையது என்ற நினைப்பில் ஒரு சுதந்திர உணர்வு வந்ததையும், பிறகு அது சட்டப்படி தன்னுடையதே இல்லை என்று தெரிந்துகொண்டதையும் தம் சுயசரிதையில் சொல்கிறார். ஆங்கிலச் சட்டத்தின் அழகை அப்போது தான் அறியவில்லை என்றும் அங்கே எழுதுகிறார். ஆகவே இந்தப் பாராட்டில் நான் முதல் ஆள் இல்லை. அவர் எனக்கு முன்பே தொடங்கிவைத்துவிட்டார்.

நாவலாசிரியை எலிசபெத் காஸ்கெல் 1850-இல் ‘லிஸ்ஸி லீ’ கதைக்கு 20 பவுன் பெற்றபோது, கணவர் நிதானமாக அதைத் தம் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். அவர்களுடையது நல்ல குடும்பம். சண்டை சச்சரவு இல்லை. சண்டையே தேவைப்படாத அளவுக்குச் சட்டம் எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்த்துவைத்திருந்தது.

அடுத்து அதன் சமநோக்கு. பணக்காரருக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்று சட்டங்கள் வளைவதை நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். இது பெண்கள் விஷயத்தில் அப்படி வளையவில்லை. கரோலின் நார்ட்டன் பெரிய இடத்துப் பெண்; நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி, பேர்பெற்ற அழகி, கவிதையும் நாவலும் எழுதிச் சம்பாதித்தவர். பிரதம மந்திரி மெல்பர்ன் பிரபு அவர் வீட்டுக்கு வந்து போகும் நண்பர். கணவர் ஜார்ஜ் நார்ட்டன் அடிக்கிறவர். தீப்பெட்டித் தொழிற்சாலைக்காரியின் புருஷனுக்கு இருந்த உரிமை என்னவோ, அதில் ஒரு இம்மிகூடக் குறையாமல் ஜார்ஜுக்கும் இருந்தது.

1836-இல் ஜார்ஜ், மெல்பர்ன் பிரபுமீது வழக்குப் போட்டார். தன் மனைவியோடு உறவு கொண்டதாகச் சொல்லி 10,000 பவுன் நஷ்டஈடு கேட்டார். மானம் யாருடையதோ அவர் அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை. வாய் திறக்கவும் வழியில்லை, வக்கீல் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஜூரிகள் இடத்தைவிட்டு எழுந்திருக்காமலேயே வழக்கைத் தள்ளினார்கள். கரோலின்மேல் குற்றமில்லை என்று ஊருக்கே தெரிந்தது. அதனால் அவருக்குக் கிடைத்தது என்ன? மூன்று ஆண்பிள்ளைகளையும் ஜார்ஜ் ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார். கடைக்குட்டி வில்லியமுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. குற்றமற்ற தாய்க்கும் குற்றமுள்ள தாய்க்கும் சட்டம் வித்தியாசம் பார்க்கவில்லை. இருவருக்குமே பிள்ளைமேல் உரிமை கிடையாது. 1804-லேயே ஒரு வழக்கில், தாயின் மார்பிலிருந்து எட்டு மாதக் குழந்தையைப் பிடுங்கிப்போன தகப்பனுக்கே குழந்தை சேரும் என்று தீர்ப்பாகியிருந்தது. பால்குடி மறக்காத பிள்ளை என்று அங்கேயே இளகியிருந்தால் இந்தச் சீர்மை வந்திருக்காது.

கரோலின் அழுதுகொண்டு உட்காரவில்லை. துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், உறுப்பினர்களைப் பார்த்தார், மன்றாடினார். மூன்றே ஆண்டுகளில் சட்டம் இறங்கிவந்தது. 1839-இல் நிறைவேறிய குழந்தைகள் காவல் சட்டப்படி, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் தரச் சொல்லித் தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம். வளர்ந்த பிள்ளையைப் பார்த்து வர அனுமதி கேட்கலாம். அவள்மேல் கள்ளத்தொடர்புத் தீர்ப்பு இருக்கக் கூடாது. கல்யாணமான தாய் என்ற ஒருத்தி இருக்கிறாள் என்பதை ஆங்கிலச் சட்டப் புத்தகம் ஒப்புக்கொண்ட முதல் இடம் இது என்று சொல்லலாம். அதை ஒப்புக்கொள்ள வைத்தவர் கரோலின். அவருக்கு மட்டும் அது பயன்படவில்லை. பிள்ளைகள் ஸ்காட்லாந்தில் இருந்தார்கள். இந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குச் செல்லாது. எல்லை தாண்டிப் போய் எவர் வீட்டிலும் நுழையாத சட்டத்தின் அந்த அடக்கத்தை எப்படிச் சொல்வது!

1842-இல் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்தான். காயத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை, சீழ் பிடித்தது. செய்தி போய், தாய் ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்கு எட்டு வயதோ ஒன்பதோ. அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டு பையன்களும் அம்மாவோடு இருக்க ஜார்ஜ் இடம் கொடுத்தார். இந்த இடத்தில் என்னால் பாராட்டைத் தொடர முடியவில்லை. கொஞ்சம் நகர்ந்துவிடுகிறேன்.

1848-இல் ஜீவனாம்சம் பற்றி இருவரும் கையெழுத்துப் போட்டு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பணம் நின்றது. 1853-இல் விஷயம் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்தக் காகிதம் செல்லாது என்று தெரியவந்தது. காரணம் பிளாக்ஸ்டன் சொன்னதேதான்: இருவரும் ஒரே ஆள், தன்னோடு தானே எப்படி ஒப்பந்தம் செய்துகொள்வது? நூறாண்டு பழைய கொள்கை, ஒரு மயிரிழை பிசகாமல் நின்றது. கரோலின் எழுதிச் சம்பாதித்த பணமும் அதே கணக்கில் ஜார்ஜுடையது. 1855-இல் கரோலின் அரசிக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உலகத்திலேயே பெரிய சாம்ராஜ்யத்தை ஒரு பெண் ஆள்கிறாள். அதே மண்ணில் கல்யாணமான இன்னொரு பெண்ணுக்குத் தன் பேனாவின் வருமானம் சொந்தமில்லை. இதை நேருக்கு நேராகக் கேட்டவர் அவர்.

1857-இல் விவாகரத்து சாதாரண நீதிமன்றத்துக்கு வந்தது. அதற்குமுன் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் போட்டால்தான் விவாகரத்து. அப்படி வென்ற பெண்கள் மொத்தம் நான்கு பேர். புதிய சட்டம் மனைவியின் ஒழுக்கத்தையும் கணவனின் ஒழுக்கத்தையும் வேறுவேறு தராசில் நிறுத்தது. மனைவி பிறழ்ந்தால் அது ஒன்றே போதும். கணவன் பிறழ்ந்தால் போதாது. அதோடு கொடுமையோ, இரண்டாண்டுக் கைவிடலோ, இருதார மணமோ, அதற்கு மேற்பட்ட ஏதோ ஒன்றோ சேர வேண்டும். ஆணைப் பற்றி அந்தச் சட்டம் வைத்திருந்த எதிர்பார்ப்பு எவ்வளவு என்று அது ஒளிக்கவில்லை.

தாய்க்குப் பிள்ளைமேல் உரிமையே இல்லை என்று ஆங்கிலச் சட்டம் சொன்னதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தை 16 வயதுவரை முழுக்கத் தாயின் பொறுப்பு என்று அது தீர்மானமாகச் சொன்னது. சோறு, துணி, வாடகை எல்லாம் அவள்தான். முடியாவிட்டால் ஏழையர் விடுதியின் கதவு திறந்திருந்தது. தகப்பனைத் தேடிப்போய் அவள் வழக்குப் போடும் வழி 1844-இல்தான் கிடைத்தது. வாரிசாகும் பிள்ளை தகப்பனுக்கு. வயிறாக மட்டும் இருக்கும் பிள்ளை தாய்க்கு. எந்தக் குழந்தை யாருக்கு என்பதில் அந்த நாட்டில் ஒரு நாளும் குழப்பம் இருந்ததில்லை.

கல்யாணமே வேண்டாம் என்றிருந்த பெண்ணுக்கு இந்தச் சட்டம் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவள் சொத்து அவளுடையது. சம்பாதிப்பதற்கு இடம் எங்கே என்பது மட்டும்தான் கேள்வி. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு மரியாதை கெடாத வேலை என்று ஒன்று இருந்தது: பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கவர்னஸ் வேலை. சார்லட் பிராண்டி 1841-இல் ஒரு குடும்பத்தில் அந்த வேலைக்குச் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 20 பவுன்; துணி வெளுப்பதற்கு 4 பவுன் கழித்துக்கொண்டார்கள். கையில் 16. பாடம் சொல்வது போக மூட்டை மூட்டையாகத் தையல். வேலைக்காரர்களோடும் சேர்ந்து உட்கார முடியாது, எஜமானர்களோடும் முடியாது. எழுத்தையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று அரசவைக் கவிஞர் ராபர்ட் சதேயிடம் முன்பே கேட்டிருந்தார். வேண்டாம் என்று 1837-இல் அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். ஆண்பெயர் மாதிரி ஒலிக்கும் புனைபெயர்களில் மூன்று சகோதரிகளும் கைக்காசு போட்டு அச்சிட்ட கவிதைப் புத்தகம் இரண்டு பிரதி விற்றது. அடுத்த ஆண்டே சார்லட்டின் ‘ஜேன் அயர்’ வந்தது. 16 பவுன் கவர்னஸ் ஒருத்தியின் மனசு உலகத்துக்குத் தெரிந்தது. அந்த வீடுகள் அப்படி நடத்தியிராவிட்டால் அந்த நாவல் இல்லை. இந்தப் பெருமையும் அவற்றுக்குப் போகட்டும்.

1851 மக்கள்தொகைக் கணக்கு, ஆண்களைவிடப் பெண்கள் பல லட்சம் அதிகம் என்று காட்டியது. டபிள்யூ. ஆர். கிரெக் என்ற கட்டுரையாளர் 1862-இல் இதை நிதானமாக அலசினார். கல்யாணமாகாத பெண்கள் உபரி. ஆண்கள் மிகுந்திருக்கும் காலனிகளுக்கு அவர்களைக் கப்பலேற்றலாம் என்பது அவர் யோசனை. வீட்டு வேலைக்காரிகளை மட்டும் அவர் உபரியில் சேர்க்கவில்லை; அவர்கள் ஆண்களைச் சார்ந்திருந்து ஆண்களுக்குப் பயன்படுகிறார்கள் அல்லவா? மனிதர்களை எண்ணும்போது எதற்காக எண்ணுகிறோம் என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர் குறைவு.

கப்பலேற மனமில்லாதவர்கள் வேலை தேடினார்கள். எமிலி ஃபெய்த்ஃபுல் 1860-இல் லண்டனில் விக்டோரியா அச்சகத்தைத் தொடங்கி, பெண்களை அச்சுக்கோக்க வைத்தார். பெண்ணுக்கு இந்த வேலை தாங்காது என்று நம்பிய ஆண் தொழிலாளிகள், அந்த நம்பிக்கையை மெய்யாக்கத் தாங்களே உழைத்தார்கள். அச்செழுத்துப் பெட்டிகளில் எழுத்துகளை மாற்றிப் போட்டார்கள். பெண்கள் உட்காரும் இடத்தில் மை பூசிவைத்தார்கள். மை பட்ட பாவாடையோடு அந்தப் பெண்கள் மறுபடியும் எழுத்துகளைப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். இரண்டாண்டில் எமிலி அரசியின் அச்சகராக நியமனம் பெற்றார்.

இனி அன்னிக்குத் திரும்புவோம். 1873-இல், நம்பிக்கையில்லாத பூசையில் கலந்துகொள்ள மறுத்ததற்காக அவர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மகன் தகப்பனோடு, மகள் மேபல் தாயோடு. கஷ்டப்படும் சீமாட்டிகளுக்கென்று விளம்பரம் செய்த அலங்காரத் தையலை எடுத்துச் செய்தார்; சில வாரத் தையலுக்கு 4 ஷில்லிங் 6 பென்ஸ் தேறியது. வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலைக்குப் போய்விடுவார். அந்த வெளிச்சாப்பாடு என்று ஒன்று கிடையாது. வீட்டில் இருந்ததைக் குழந்தைக்கு விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டினி நாட்களில் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று தகப்பன் தரப்பிலிருந்து யாரும் வரவில்லை. தாய் பசியோடு வளர்ப்பதில் சட்டத்துக்கு ஆட்சேபமே இல்லை.

1877-இல் அன்னியும் நாத்திகப் பிரசாரகர் சார்லஸ் பிராட்லாவும் கருத்தடை பற்றிய ஒரு பழைய பிரசுரத்தை மறுபதிப்பு செய்தார்கள். வருஷத்துக்கொரு பிள்ளை பெற்று, பாதியைப் புதைக்கும் ஏழைப் பெண்களுக்காகச் செய்ததே அது. சிறைத்தண்டனை விதித்தார்கள், மேல்முறையீட்டில் அது நின்றுபோனது. 1878-இல் ஃபிராங்க், மேபலைக் கேட்டு மனுச் செய்தார். மனு கைக்கு வந்தபோது குழந்தை செம்புள்ளிக் காய்ச்சலில் கிடந்தது. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் தாய். நீதிபதி சர் ஜார்ஜ் ஜெஸ்ஸல் முன்னால் அன்னி தானே நின்று வாதாடினார். தாய் குழந்தையைப் பிரியமாக வளர்த்ததை நீதிமன்றம் மறுக்கவில்லை. அவள் நாத்திகி, அப்படியொரு புத்தகத்தை வெளியிட்டவள், அது போதும். குழந்தையைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். பார்த்துவிட்டு வருவது குழந்தைக்கு இன்னும் வேதனை என்று கண்டு, அன்னி அதையும் நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் இருவரும் வயதுக்கு வந்ததும் தாங்களாகவே தாயிடம் வந்து சேர்ந்தார்கள்.

பிள்ளையை இழந்த அந்தப் பெண்தான் 1888-இல் கிழக்கு லண்டன் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி எழுதினார். கால் அழுக்காக இருந்தால் அபராதம், தரை அழுக்காக இருந்தால் அபராதம். பாஸ்பரஸ் புகையில் தாடையெலும்பு அழுகும் நோய். பிரதமர் கிளாட்ஸ்டனுக்குச் சிலை வைக்க, தொழிலாளர் கூலியிலிருந்து ஒரு ஷில்லிங் பிடித்தார்கள். சிலை திறந்தபோது சில பெண்கள் கல்லோடு போனார்கள். அன்னியின் கட்டுரை வெளிவந்ததையடுத்து சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்தினார்கள். அந்த மாதத்திலேயே அபராதங்கள் ஒழிந்தன. நாடாளுமன்றமும் சும்மா இருந்ததாகச் சொல்லக் கூடாது. கல்யாணமான பெண்ணின் சொத்துரிமைக்காக 1856-இல் சுமார் 26,000 கையெழுத்தோடு மனு போயிற்று. 14 ஆண்டு யோசித்து 1870-இல் கூலியை அவளுக்குத் தந்தது, இன்னும் 12 ஆண்டு யோசித்து 1882-இல் சொத்தைத் தந்தது. அன்னியின் 30 ஷில்லிங் சற்று அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிட்டது.

கடைசியாக, அந்தச் சட்டத்தின் ஆயுள். 1890-இல் வைஸ்ராயின் சட்டசபை இந்தியாவுக்காகக் காப்பாளர் சட்டத்தை நிறைவேற்றியது. தகப்பன் உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, மைனர் பிள்ளைக்கு வேறு காப்பாளரை நியமிக்கக் கூடாது என்றது அதன் 19-ஆம் பிரிவு. மூன்றாண்டு கழித்து, 1893 நவம்பரில், அன்னி பெசன்ட் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். 40 ஆண்டு வாழ்ந்து 1933-இல் அடையாற்றில் இறந்தார். அந்தப் பிரிவு அவரையும் தாண்டி வாழ்ந்தது. வெள்ளைக்காரன் போனான், குடியரசு வந்தது, 1956-இல் இந்துக்களுக்கென்று வந்த காப்பாளர் சட்டமும், முதலில் தகப்பன், அவருக்குப் பின் தாய் என்றே எழுதியது. 1890 சட்டத்தின் 19-ஆம் பிரிவில் தகப்பனுக்குப் பக்கத்தில் ‘தாய்’ என்ற சொல்லைச் சேர்த்த ஆண்டு 2010. வில்லியம் நார்ட்டன் குதிரையிலிருந்து விழுந்து அப்போது 168 ஆண்டுகள் ஆகியிருந்தன.